வெறுமையாக விடக்கூடாத கட்டம்

காதுப் பொட்டுகளின் நினைவுத் தரவுத்தளத்தை நான்காம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு மாற்ற, ஜூலை இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி என்று நேரம் குறித்தவள் கமலவேணிதான். மற்ற நிறுவனங்களில் இந்த மாதிரி வேலையை ஊர் அடங்கிய பிறகு செய்வார்கள். இங்கே அது ஆகாது. காதுப் பொட்டு வைத்திருப்பவர்கள் உறங்கும்போதுதான் பொட்டு அன்றைய நாளின் நினைவுகளை அடுக்கி வைக்கும். அந்த நேரத்தில் தரவுத்தளத்தில் கை வைத்தால் ஒரு நாள் மொத்தமும் கலைந்து போகும். ஆகவே ஆறாயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் செய்தி போனது. இரண்டிலிருந்து நான்கு வரை சும்மா உட்கார்ந்திருங்கள், யாரோடும் பேச வேண்டாம், டிவி பார்க்க வேண்டாம். கொங்கு நாடு முழுக்க அத்தனை பேரும் கோழிக்குழம்பு சாப்பிட்ட கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் வேணியின் கணவர் சென்னியப்பனும் ஒருவர். பதினொரு வருடத்துக்கு முன் வந்த மூளைக் காய்ச்சல் அவருக்குப் பழையதை விட்டுவைத்து, புதிதாக ஒன்றைப் பிடித்து வைக்கும் சக்தியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. பம்புசெட் கம்பெனியில் இருபது பேரை மேய்த்தவர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்று மதியம் கேட்கிறவராகி விட்டார். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற இந்தப் பொட்டு வந்த பிறகுதான் மறுபடி மனுஷரானார். அவர் காண்பதையும் கேட்பதையும் அது நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு அனுப்பும். அவர் தேடும்போது எடுத்து மூளைக்குள் சொல்லும். அந்த நன்றியில்தான் வேணி வங்கி வேலையை விட்டுவிட்டு இந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். பத்து வருடத்தில், அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் பொறுப்பு முழுதும் அவள் தலையில் வந்து விழுந்திருந்தது.

ஒவ்வொரு நினைவும் அட்டவணையில் ஒரு வரி. வரியில் ஐந்து கட்டங்கள்: என்ன, யார், எங்கே, எப்போது, எவ்வளவு கனம். நான்காம் பதிப்பு வரை 'எப்போது' கட்டம் காலியாக இருக்கலாம். ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குவதால், அந்தக் கட்டம் காலியாக இருக்கவே கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியவளும் வேணிதான்.

"தேதி இல்லாத வரி எத்தனை இருக்கு?" என்று தலைவர் ரகோத்தமன் ஜூன் மாதக் கூட்டத்தில் கேட்டார். சென்னைக்காரர். எதையும் எண்ணிக்கையில் சொன்னால்தான் அவருக்கு ஏறும்.

"நாப்பத்தோராயிரம் சார். மொதல் ரெண்டு பதிப்புல பொட்டுக்குள்ள கடிகாரம் அடிக்கடி நின்னு போயிரும். அந்தக் காலத்துக் கோளாறு."

"அப்போ குப்பை."

"குப்பைன்னு சொல்ல முடியாதுங்க சார். முன்னாடி பின்னாடி இருக்கற நினைவை வச்சு உத்தேசமா ஒரு தேதி போடற மாதிரி எழுதிட்டிருக்கேன்."

காலிக் கட்டம் என்றால் மென்பொருள்காரர்களுக்கு அது யாரோ செய்யாமல் விட்ட வேலை, அவ்வளவுதான். ஒருவர் வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. வேணிக்கும் தோன்றவில்லை.

உத்தேசத் தேதி போடும் பகுதி இழுத்துக்கொண்டே போனது. சோதனை நின்றுவிடக் கூடாதே என்று வேணி அந்த இடத்தில் 'இப்போது' என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்தாள். காலிக் கட்டம் வந்தால், மாற்றம் நடக்கிற அந்த நிமிஷத்தின் தேதியை நிரப்பு என்று பொருள். பக்கத்தில் 'தற்காலிகம், மாற்ற வேண்டும்' என்று குறிப்பும் எழுதினாள். சோதனையில் பிழை ஒன்றும் இல்லை என்று எல்லாம் பச்சையாக வந்தது. பச்சையைப் பார்த்த பிறகு குறிப்பைப் படிக்கிறவர் அந்தத் தொழிலில் யாரும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிரல் எழுதுவது வழக்கம். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு ஏற ஒன்று, ஏதாவது கோளாறு என்றால் புதியதிலிருந்து பழையதற்கு இறங்க ஒன்று. ஏறும் நிரலை எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதுவார்கள். இறங்கும் நிரலை ஒப்புக்கு எழுதுவார்கள். வேணி அதில் எழுதியிருந்தது ஒரே வரி: 'தேவைப்படாது.'

ஞாயிறு பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. ஒரு சிவப்பு வரி இல்லை. ரகோத்தமன் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். வேணி ஐந்து மணிக்கு கணபதி பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளியபோது, சென்னியப்பன் தலையில் ஈரம் சொட்ட, இடுப்பில் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த மகள் நறுமுகையின் படம் இறக்கி வைக்கப்பட்டு, முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்க போயிட்ட வேணி," என்றார். "பாப்பா போயிருச்சு."

நறுமுகை இறந்து எட்டு வருடம் ஆகப் போகிறது. ஏழு வயது. நான்கே நாள் காய்ச்சல். அது நடந்தபோது அவர் காதில் இரண்டாம் பதிப்பு இருந்தது.

வேணிக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வரியில் தேதி இல்லை. 'இப்போது' நிரம்பியிருக்கிறது. தன் வீட்டுக் கூடத்தில் தான் எழுதிய நிரலே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"அது இன்னைக்கு இல்லீங்க," என்றாள். "எட்டு வருசம் ஆச்சு. பொட்டுல ஒரு தப்பு நடந்து போச்சு."

"என்ன சொல்ற நீ. மத்தியானம் ஆஸ்பத்திரில இந்தக் கையிலதான கெடந்தா." அவர் கையை நீட்டிக் காட்டினார். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல வேணி. எட்டு வருசமா நான் அவளைப் பாக்கவே இல்லியே. தேடித் தேடிப் பாக்கறேன். ஒரு நாள் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகல, ஒரு வாய் சோறு ஊட்டல. அவ பாட்டுக்கு எங்கயோ இருந்திருக்கா. நானு டீ குடிச்சுட்டு, பேப்பர் படிச்சுட்டு இருந்திருக்கேன். எட்டு வருசம் எட்டிப் பாக்காத அப்பனா நானு?"

மகள் இறந்ததற்குப் பிந்தைய எட்டு வருடமும் அதது தேதியோடு ஒழுங்காக இருந்தது. அவற்றில் மகள் இல்லை. மரணம் இன்றைக்கு வந்து நின்றதும், அந்த எட்டு வருடமும் அவர் பிள்ளையைக் கைவிட்ட வருடங்களாக மாறிவிட்டன.

"நீ ஏன் அழுக மாட்டேங்கற?" என்று கேட்டார் அவர்.

திங்கட்கிழமை தொலைபேசிகள் ஓயவில்லை. கோபியில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று வருடத்துக்கு முன் போன மனைவியை இன்றைக்கு அடக்கத்துக்கு எடுக்க வேண்டும் என்று சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். வேன் பிடித்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பல்லடத்தில் ஒருவர், என்றைக்கோ கோர்ட்டில் முடிந்துபோன அடிதடிக்குப் பழி வாங்க அரிவாளோடு கிளம்பி, தெருமுனையில் பிடிபட்டார். எல்லாமே இழவும் பழியுமாக ஏன் இருக்கிறது என்று வேணிக்குப் புரியவில்லை. கடிகாரம் நின்றதால் காலியான கட்டங்கள் என்றால், அவற்றில் பாதியாவது கல்யாணமும் காதுகுத்துமாக இருக்க வேண்டும் அல்லவா.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ரகோத்தமன் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை எடுத்த நகலைப் போட்டு நான்காம் பதிப்புக்கே போயிடலாமா?"

"போனா ஆறாயிரம் பேருக்கும் மூணு நாள் இல்லாமப் போயிரும் சார். டாக்டருங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அத்தனை பெரிய ஓட்டை விழுந்தா சிலருக்கு மூளை மறுபடி நெலைக்கு வராதாம்."

"இந்த நாப்பத்தோராயிரத்தை மட்டும் பழையபடி காலியாக்க முடியாதா?"

"ஐந்தாம் பதிப்பு அதை ஏத்துக்காது சார். காலியா இருக்கக் கூடாதுங்கறதுதான் அதோட அஸ்திவாரமே. அதைப் பிரிச்சுக் கட்ட ஆறு மாசம் ஆகும்."

"அப்போ வீட்டுக்காரங்களே தேதி போடட்டும்," என்றார் ரகோத்தமன். "ஒவ்வொரு வீட்டுக்கும் படிவம் அனுப்பிடு. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள வராத வரியை நீக்கிடலாம்."

"தனியா இருக்கறவங்க முன்னூத்துப் பன்னெண்டு பேரு இருக்காங்க சார். அவங்களுக்கு யாரு நிரப்புவாங்க?"

"அவங்களுக்குத் தெரியாமலே போறது நல்லதுதானே வேணி?"

அவர் கொடுமைக்காரர் அல்ல. இரண்டு நாளாகத் தூங்காத மனிதர் அவருக்குத் தெரிந்த கருணையைக் காட்டினார். ஆனால் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் பெற்றோரும் பிள்ளைகளும் இறந்த செய்தி வெள்ளிக்கிழமை மதியம் அழியப் போகிறது, சனிக்கிழமை காலை அவர்கள் தேநீரோடு உட்கார்ந்து, செத்தவர்களின் போனுக்காகக் காத்திருக்கப் போகிறார்கள் என்பதை அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேணியும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, சர்வீஸ் பிரிவில் இருக்கும் சூசைராஜ் அவள் மேசைக்கு வந்தார். வீடு வீடாகப் போய்ப் பொட்டு மாற்றிக் கொடுக்கிறவர். முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறார். கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

"மேடம், அந்தக் காலிக் கட்டமெல்லாம் கடிகாரம் நின்னதாலன்னு யாருங்க சொன்னாங்க?"

"ஏனுங்க, நிக்கலீங்களா?"

"நின்னது கொஞ்சம்தானுங்க. மீதியெல்லாம் நானும் எங்க ஆளுகளும் எடுத்துட்டது." அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "பொட்டு வந்த புதுசுல, துக்கம் நடந்த வீட்ல வருசா வருசம் அதே நாள் வந்தா பொட்டு தானா எடுத்து நீட்டிப் போடுமுங்க. நமக்கெல்லாம் தேதி மறந்தாவது போகும். பொட்டுக்கு மறக்காதே. அன்னைக்கு நடந்தது அச்சு அசலா அப்படியே வரும். சனங்க தாங்க முடியாம என்னையக் கூப்பிடுவாங்க. ஒருநா சும்மா தேதியை எடுத்துட்டுப் பாத்தேன். தானா வர்றது நின்னு போச்சுங்க. தேடுனா மட்டும் வரும். நடந்தது தெரியும், என்னைக்குன்னு உறுத்தாது. அப்பறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. துக்கம்னு இல்லீங்க, மனசுல கெடந்து அறுக்கற எதுவா இருந்தாலும்."

"இதை எங்கயாச்சும் எழுதி வச்சீங்களா?"

"எழுதி வச்சா உட்டிருப்பீங்களா மேடம்?"

விட்டிருக்க மாட்டார்கள். அவள்தான் முதல் ஆளாகத் தடுத்திருப்பாள். எட்டு வருடமாக அந்தக் கட்டங்களைக் காலியாக வைத்துக் காப்பாற்றியது, அலுவலகத்தில் யாரும் மதிக்காத நாலைந்து சர்வீஸ்காரர்கள். அதைக் கோளாறு என்று நிரப்பித் தள்ளியது, மேசைக்கு முன் உட்கார்ந்திருந்த அவள்.

வேணி தன் வீட்டு விஷயத்தைக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு யாரு சொல்லி எடுத்தீங்க? நான் சொல்லலியே."

சூசைராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவரேதானுங்க கூப்பிட்டாரு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாரு. ரெண்டாவது வருசத் திதி கழிஞ்சு, அடுத்த வாரம். நான்கூடச் சொன்னேன், தாங்க முடியலைங்களாண்ணா, எடுத்தர்றேன்னு. அவரு இல்லைன்னாரு. 'எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது சூசை. நான் அழுதா வேணி அழுக மாட்டேங்கறா. எனக்குத் தேறுதல் சொல்லியே அவளுக்கு அந்த நாள் போயிருது. பெத்தவ, ஒரு நாளாச்சும் அவளை அழுக உடோணும். எனக்கிருக்கற தேதியை எடுத்துரு'ன்னாரு."

ஆகஸ்ட் ஒன்பது, நறுமுகை போன நாள். முதல் இரண்டு வருடமும் அவர் உடைந்து விழுந்தார். அவள் தாங்கிப் பிடித்தாள். மூன்றாம் வருடத்திலிருந்து அன்றைக்கும் அவர் சாதாரணமாக எழுந்து, சாதாரணமாகச் சாப்பிட்டு, "லேட்டாகுமா?" என்று கேட்டு அவளை வேலைக்கு அனுப்பினார். பிள்ளை செத்த நாள்கூட நினைவில்லாத மனுஷன் என்று அவள் ஐந்து வருடம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, அன்று முழுதும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அழவில்லை. யாரோடு சேர்ந்து அழுவது என்ற கோபத்திலேயே அழவில்லை. அவள் அழட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்த நாள் ஒவ்வொரு வருடமும் பிரிக்கப்படாமலே கிடந்திருக்கிறது.

"நல்ல மனுசனுங்க," என்று சொல்லிவிட்டு சூசைராஜ் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. சென்னியப்பன் ஆறு நாளாகச் சவரம் செய்யாமல், படத்துக்கு எதிரில் அதே இடத்தில் இருந்தார். தாராபுரத்தில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் போட்டு, கருமாதிக்கு எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும் என்று பேசியிருந்தார். தங்கச்சி பயந்துபோய் வேணியைக் கூப்பிட்டு அழுதாள்.

பதினொன்றரை மணிக்கு வேணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கைபேசியில் படிவத்தைத் திறந்தாள். தானே வடிவமைத்த படிவம். 'நினைவு: மகள் நறுமுகை மரணம். இடம்: மருத்துவமனை. கனம்: பத்து.' அதற்குக் கீழே, தேதிக்கு ஒரு கட்டம்.

உண்மையான தேதியைப் போட்டால், இந்த ஆறு நாள் நரகம் முடியும். எட்டு வருடம் எட்டிப் பார்க்காத அப்பன் என்ற பழி அவரை விட்டு இறங்கும். ஆனால் ஆகஸ்ட் ஒன்பது தோறும் பொட்டு அதை எடுத்து அவர் கையில் கொடுக்கும், அந்த ஆஸ்பத்திரியை, அந்தக் கனத்தை, அச்சு அசலாக, சாகிற வரைக்கும். எதையும் போடாமல் அரை மணி நேரம் சும்மா இருந்தாலோ, அந்த வரி நீங்கிவிடும். அழுகை நிற்கும். நாலு மணிக்கு அவர் வாசலுக்குப் போய் நின்று, பாப்பா ஸ்கூல் விட்டு வரவில்லையே என்று கேட்பார். நாளைக்கும் கேட்பார்.

பொய்த் தேதி ஒன்றைப் போடலாமா என்றும் யோசித்துப் பார்த்தாள். எந்த நாளைப் போட்டாலும் வருடத்தில் அது ஒரு நாளாக இருந்து தொலைக்கிறது.

"என்ன பண்ற வேணி?"

"ஒரு தேதி போடோணுங்க."

"போடு," என்றார், என்னவென்று கேட்காமலே.

பதினொன்று ஐம்பதுக்கு அவள் உண்மையான தேதியைப் போட்டாள். ஒரு முறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தரவுத்தளம் தன்னைத் திருத்திக்கொண்டது. சென்னியப்பன் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு விளக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தன் தாடியைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் எட்டு வருடம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்காருவதை வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறு நாளா உன்னையப் பாடாப் படுத்தீட்டேன்," என்றார் மெதுவாக. "சாப்ட்டயா?"

"இல்லீங்க."

அவர் எழுந்து படத்தைத் துண்டால் துடைத்து ஆணியில் மாட்டினார். அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத்தான் இருந்தது. திரும்ப அடுப்படிக்குப் போனவர் அங்கே சுவரில் இருந்த காலண்டருக்கு முன்னால் நின்றதை மட்டும் அவள் கவனித்தாள்.

"இன்னும் பதினொரு நாள் இருக்குது," என்றார் அங்கிருந்தே.

வேணி டம்ளரைக் கீழே வைத்தாள். ஐந்து வருடமாக இந்த வீட்டில் யாரும் அந்த நாளை எண்ணியதில்லை.

"நம்ம சூசைராஜ் நம்பர் உன்கிட்ட இருக்குதா?" அவர் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அவளிடமிருந்து எதையாவது மறைக்கும்போது அவருக்கு வரும் குரல் அது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. "பொட்டுல சின்னதா ஒரு வேலை இருக்குது. அவரு வந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவாரு."

"முடியாதுங்க."

"ஏன், அவரு வேலையை உட்டுட்டாரா?"

"இருக்காருங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்தக் கட்டத்தை இனிமே காலியா உட முடியாது. அப்படி ஒரு விதி போட்டிருக்குது. போட்டது நான்தானுங்க."

சென்னியப்பன் திரும்பி அவளைப் பார்த்தார். சூசைராஜ் சொல்லிவிட்டார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் அழ ஆரம்பித்தபோது, அவர்தான் வந்து தாங்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று அவளுக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.